கொரோனா சமயத்துல பாலியேட்டிவ் வார்டுல போனவங்களும் துட்டி (துக்கம்) கேக்க ஆள் வராத வீடுகளும்

ஷார்ஜா முக்கூடலான்:

எல்லாருக்கும் வணக்கம். இங்கன ரொம்ப நாளா வாசிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தவன், எழுதுறது இதான் முதல் தடவ, நீளமாப் போனா பொறுத்துக்கிடுங்க.

எங்கப்பா 2021 மே கடைசில தவறுனாவ. கொரோனா இல்ல, தொண்டையில கேன்சர். கரண்ட் (ரேடியேஷன்) வைக்கிறதெல்லாம் முடிஞ்சு, இனி நோய்க்குப் பாக்க ஒண்ணுமில்ல, வலி இல்லாம வச்சுக்கிடலாம்னு சொல்லிட்டாங்க. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு எடத்துல பாலியேட்டிவ் வார்டுல சேத்தோம். கூட ஒரே ஒரு ஆளுதான் இருக்கலாம், மாத்தி மாத்தி வரக்கூடாதுன்னாங்க, அம்மா இருந்தா. கடைசில அவளுக்கே காய்ச்சல் வந்து வெளிய அனுப்பிட்டாங்க, அதுக்கப்புறம் அப்பா தனியாத்தான். நான் அப்ப இங்க ஷார்ஜால. ஏப்ரல் 24 ராத்திரியோட இந்தியால இருந்து ஆள் வரக்கூடாதுன்னு அமீரகத்துல அடைச்சிட்டான், ஊருக்குப் போனா திரும்பி வேலைக்கு வர முடியாது, அப்பா வீடியோ கால்ல பேச முடியாம கையத்தான் ஆட்டுனாவ, வராதலேன்னு. தம்பி சென்னைல இருந்து இ-பதிவு போட்டு கார் புடிச்சு வந்து சேருறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டு. கொரோனா இல்லன்னு பேப்பர் கையில இருந்தும் தெருவுக்குக் கொண்டு வர வேண்டாம்னு ஊர்க்காரங்க சொல்லிட்டாங்க. அங்க இருந்து நேரா சிந்துபூந்துறை மின்மயானம். நீர்மாலை எடுக்கல, வாய்க்கரிசி போடல, பேரப்பிள்ளைய நெய்ப்பந்தம் புடிக்கல, அம்மாவுக்குப் பொறந்த வீட்டுக் கோடி கூட வரல, எங்க மாமா கல்லிடைக்குறிச்சிலதான் இருக்காவ, கூப்பிடு தூரம்.

இப்ப விஷயம் என்னன்னா, எங்கம்மா யாரு கேட்டாலும் "அவுக நல்லபடியாப் போயிட்டாக, வலியில்லாமப் போயிட்டாக"ன்னு ஒரே வரி, அதோட பீடித் தட்ட மடியில எடுத்து வச்சிக்கிட்டு இலைய வெட்ட ஆரம்பிச்சிருவா. அழுது நான் பாத்ததே இல்ல. வருஷா வருஷம் திவசம் நடக்கு, காக்காவுக்கு வைக்கா, எல்லாம் ஒழுங்காத்தான். ஆனா ராத்திரி தூக்கத்துல எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு "தண்ணி கேட்டிருப்பாகளோ"ன்னு கேக்காளாம், தம்பி பொண்டாட்டி சொல்லுதா.

சித்தப்பா என்ன சொல்லுதாவன்னா, வர்ற ஆடி அமாவாசைக்கு சொந்தக்காரங்க எல்லாரையும் கூப்பிட்டு அன்னைக்கு விட்டதெல்லாம் முறைப்படி செஞ்சிருவோம்னு. தம்பி, இத்தன வருஷம் கழிச்சு எதுக்கு ஆறுன புண்ணக் கிண்டணும்னு கேக்கான். உங்க வீடுகள்ல இந்த மாதிரி நடந்திருக்கா, என்ன செஞ்சீங்க? சொல்லுங்க.

மட்டுறுத்துநர்:

நல்ல இழை, ஆறுதலாப் பேசுங்க. ஒரே வேண்டுகோள், ஆஸ்பத்திரி பேரு, டாக்டர் பேரு, ஆம்புலன்ஸ்காரர் பேரு எதுவும் போடாதீங்க. போட்டா தூக்கிருவேன்.

வீரவநல்லூர் அண்ணாச்சி:

தம்பி, மனசு விட்டு எழுதியிருக்கீரு, நான் சொல்லுறதத் தப்பா எடுக்கக்கூடாது. என்னையக் கேட்டா அந்த ரெண்டு வருஷந்தான் சாவு வீடு சாவு வீடா இருந்துச்சு. 20 பேருக்கு மேல கூடாதுன்னு சட்டம், வந்தவன் எல்லாம் மெய்யாவே வேண்டியவன். மத்த நாள்ல என்ன நடக்கு? பந்தல், மைக்செட்டு, கொட்டு, வெடி, குடிச்சிட்டு வந்து தேருக்கு முன்னாடி ஆடுற பயலுவ, பதினாறாம் நாளு விசேஷத்துக்கு வட்டிக்கு வாங்கிப் பந்தி போடுறது, அதுல எங்க இலைக்கு அப்பளம் வரலன்னு சம்பந்தக்காரன் மொறைச்சிட்டுப் போறது. எங்க பெரியப்பா 2020 ஜூலைல போனாவ, வயசாளி, ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது, கடன் இல்ல சண்ட இல்ல. உங்க அப்பா விஷயத்துல இன்னொண்ணு, கேன்சரு, போகப்போறாருன்னு எல்லாருக்கும் முன்னாடியே தெரியும். மனசு தயாராகியிருக்கும்லா. தம்பி சொல்லுறதுதான் சரி, விடும்.

பாளை ஜெபா:

>போகப்போறாருன்னு எல்லாருக்கும் முன்னாடியே தெரியும்

அண்ணாச்சி இந்த ஒரு வார்த்தையாலதான் எங்க வீட்லயும் யாரும் எங்கள ஒண்ணும் கேக்கல. எங்க அம்மாவும் அதே மாதிரி வார்டுலதான், கர்ப்பப்பைல புத்து, 2020 செப்டம்பர். அந்த நேரத்துல சின்ன வயசுக்காரங்க மூச்சு முட்டி சாகுறாங்க, ஒரே வீட்ல ரெண்டு மூணு பேரு போறாங்க, டிவியப் போட்டா அதுதான், அதுக்கு நடுவுல "எங்க அம்மா போயிட்டாங்க"ன்னு நாம சொன்னா, "கொரோனாவா?" இல்லங்க கேன்சர். "ஓ, அப்ப சரி." நிஜமாவே அப்ப சரின்னு சொன்னாங்க ஒருத்தங்க!! என்னத்த சரி.

அம்மாவோட அடக்க ஆராதனை யூடியூப் லைவ்ல போச்சு. கோயில்ல ஐயர் (பாதிரியார்), எங்க குடும்பம், செல்லு வச்சிருந்த பையன், அவ்ளோதான். கீழ கமெண்ட்ல வரிசையா கூப்புன கை, ஆர்ஐபி ஆண்டி, நடுவுல எவனோ சவுண்டு வரலன்னு போட்டிருக்கான். அந்த வீடியோ இன்னும் அந்த சேனல்ல கெடக்கு, எங்க அப்பா வாரத்துல ஒரு நாளாவது போட்டுப் பாக்காங்க, அதுக்கு லைக்கும் போட்டு வச்சிருக்காங்க. முன்னாடி எனக்கு எரிச்சலா வரும். இப்ப விட்டுட்டேன், அவங்களுக்கு அது ஒரு கல்லறைத் திருநாள் மாதிரி, நவம்பர் 2 வரைக்கும் காத்திருக்க வேண்டாம் அவ்ளோதான்.

மேலப்பாளையம் காதர்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். முக்கூடல் தம்பி, உங்கம்மாவப் பத்தி வாசிச்சதும் எங்க பெரியம்மாதான் ஞாபகம் வந்தாங்க. அவங்க வீட்டுக்காரர் பெரியத்தா 2020 ஏப்ரல்ல மௌத்தானாங்க, நாள்பட்ட கிட்னி கோளாறு, டயாலிசிஸ் வேண்டாம்னு அவங்களே சொல்லி நிப்பாட்டி வீட்டோட வச்சு வலிக்கு மட்டும் மருந்து. அப்ப எங்க ஊரே சீல் வச்சு கெடந்துச்சு, தகரம் அடிச்சு தெருவ மறிச்சிருந்தாங்க, நாங்க ரெண்டு தெரு தள்ளி இருந்துக்கிட்டே முகம் பாக்கல.

ஜனாஸா நாலு பேரோட நடந்துச்சு, அது கூடப் பரவால்ல, தூக்கிட்டுப் போறதுக்கு ஆளு இருந்துச்சு. பெரியம்மா இத்தா இருந்தாங்கல்ல, புருஷன் மௌத்தானா நாலு மாசம் பத்து நாளு வீட்டோட இருக்கிறது, அதுதான் கொடுமை. எங்க பக்கம் இத்தாவுல இருக்கிற பொம்பளைய வெளிய போகாம இருப்பாங்களே தவிர தனியா இருக்க மாட்டாங்க, தெருப் பொம்பளைக எல்லாம் அஸருக்கு அப்புறம் வந்து கூட உக்காந்து பேசிட்டு, யாசீன் ஓதிட்டுப் போவாங்க. அந்த வருஷம் வாசல் தாண்டி ஒருத்தி வரல. கொரோனாவும் இத்தாவும் ஒண்ணாச் சேந்து, மெய்யான தனிமை. அதுக்கப்புறம் ஊரு தொறந்த பின்னாலயும் அவங்க யாரு வீட்டுக்கும் போறத விட்டுட்டாங்க.

வீரவநல்லூர் அண்ணாச்சி, ஆடம்பரம் வேண்டாங்கிறது சரிதான், எங்கள்லயும் அதத்தான் சொல்லுதோம். ஆனா ஆடம்பரம் வேற, ஆளு வேற.

செங்கோட்டை மைனி:

காதர் அண்ணன் கடைசியாச் சொன்னதப் புடிச்சுக்கிட்டு எழுதுதேன்.

எங்க மாமியாருக்கு மார்புல கட்டி, எலும்புக்குப் போயிட்டு. திருவனந்தபுரத்துல ஒரு கேன்சர் ஆஸ்பத்திரிலதான் காமிச்சது, எங்க பக்கம் நெறைய பேரு அங்கதான போறது, புளியரை தாண்டுனா மூணு மணி நேரம். 2020 மார்ச் 25 ஊரடங்குன்னதும் புளியரை செக்போஸ்ட்ட அடைச்சாச்சு. வலிக்குக் குடுக்குற மார்பின் மாத்திரை கைவசம் இருந்தது தீர்ந்து போச்சு. அத எல்லா மெடிக்கல்லயும் குடுக்க மாட்டான், அனுமதி வாங்குன ஆஸ்பத்திரில மட்டுந்தான் கெடைக்கும், 2014ல போதைமருந்துச் சட்டத்தத் தளத்தியும் நம்ம பக்கம் நெலம அதுதான். போன்ல டாக்டர்ட்ட கேட்டு, இங்க ஒரு எடம் புடிச்சு வாங்குற வரைக்கும் அவ்வோ பட்ட பாடு இருக்கே. ராத்திரி தார்சால கெடந்து முனங்குவாவ, வளவுல எல்லாருக்கும் கேக்கும், ஆனா யாரும் வரல, பயம். மாத்திரை வந்தப்புறம் ரெண்டு நாள்ல எந்திரிச்சு உக்காந்து முறுக்கு கேட்டாவ. அந்த முறுக்க நொறுக்கி மோர்ல போட்டு ஊற வச்சுக் குடுத்தேன், அதான் கடைசியா ஆசையாத் தின்னது.

பாருங்க, இத நான் இப்ப ஒங்ககிட்ட சொல்லுதேன்ல, இது எத்தனாவது தடவன்னு எனக்கே தெரியாது. ஊரடங்கு தளந்தப்புறம் வந்த ஒவ்வொருத்தர்ட்டயும் சொன்னேன், பால்காரர்ட்ட கூட. துட்டி கேக்க வர்றவ என்ன செய்யுதா? கட்டிப்புடிச்சு அழுதுட்டு, மூக்கச் சிந்திட்டு, உடனே "எப்பிடி இருந்தாவ, என்னைக்கு முடியாமப் போச்சு, கடைசியா என்ன சொன்னாவ, யாரு பக்கத்துல இருந்தா"ன்னு கேப்பா. அடுத்தவ வருவா, அதே கேள்வி. நாம திரும்ப முதல்ல இருந்து சொல்லணும். அந்த நேரத்துக்கு எரிச்சலாத்தான் இருக்கும், ஆனா பதினாறு நாள்ல சொல்லிச் சொல்லி அது நம்ம வாயில ஒரு கதையா அமைஞ்சிரும்.

முக்கூடல் தம்பி, ஒங்கம்மாகிட்ட அந்தக் கதை இல்ல. அதான் ஒரே வரியா சொல்லுதாவ. கேக்கவும் ஆள் வரல, சொல்லுறதுக்கும் கடைசில என்ன நடந்துச்சுன்னு அவங்களுக்கே தெரியாது. நல்லபடியாப் போனாகன்னு சொன்னது கூட வேற யாரோ அவங்ககிட்ட சொன்னதுதான?

ஷார்ஜா முக்கூடலான்:

மைனி... ஆமா. வார்டுல இருந்து போன்ல சொன்ன வார்த்தை அது. அப்படியே.

வார்டு சிஸ்டர்:

தம்பி, நான் ஒரு பாலியேட்டிவ் யூனிட்ல நர்ஸ். எந்த ஊருன்னு சொல்லல, நம்ம பக்கந்தான், உங்க அப்பா இருந்த எடம் இல்ல. 2020லயும் 2021லயும் வார்டுலதான் இருந்தேன். அம்மா ராத்திரி கேக்குற கேள்விக்கு எனக்குத் தெரிஞ்ச பதில் இருக்கு, அதுக்காகத்தான் லாகின் பண்ணி எழுதுறேன்.

தொண்டைல கேன்சர்னா மூக்கு வழியா டியூப் போட்டிருப்பாங்க, சரியா? அப்படின்னா தண்ணியும் கஞ்சியும் அதுல போயிட்டிருந்திருக்கும். கடைசி ரெண்டு மூணு நாள்ல அதையும் குறைப்போம், ஏன்னா ஒடம்பு அத ஏத்துக்காது, உள்ள போற தண்ணி நெஞ்சுல சளியாக் கட்டும், காலு வீங்கும். அந்த நேரத்துல பெரும்பாலானவங்களுக்குப் பசியும் தாகமும் அடங்கிரும். ஆனா வாய் வறளும், அதுதான் பாக்குறவங்களுக்குத் தாகம் மாதிரி தெரியும். அதுக்கு நாங்க பஞ்சத் தண்ணில நனைச்சு உதட்டையும் நாக்கையும் தொடைச்சு விடுவோம், மணிக்கணக்கு வச்சு செய்யுற வேலை அது, பாலியேட்டிவ் வார்டுல வழக்கமாவே உண்டு. தண்ணி கேட்டும் குடுக்காம விடுற வழக்கம் கெடையாது தம்பி. அம்மாட்ட இத அப்படியே சொல்லுங்க.

ரெண்டாவது, சில பேருக்கு வெளிய சொல்லவே கூசுற ஒரு சந்தேகம் இருக்கும், மார்பின் குடுத்துதான் சீக்கிரம் போயிட்டாங்களோன்னு. இல்ல. வலிக்குத் தகுந்த அளவுல குறைச்சலா ஆரம்பிச்சு ஏத்துற மார்பின் உயிர எடுக்காது, நோய்தான் எடுக்கும். ஊசி போட்ட கொஞ்ச நேரத்துல போனாங்கன்னா, அது அந்த ஊசி போட வேண்டிய கட்டத்துல அவங்க இருந்தாங்கங்கிறதுதான்.

மூணாவது, வீடியோ கால்ல கடைசியாப் பாத்தவங்க நெறைய பேரு அந்த கரகரன்னு மூச்சு சத்தத்தக் கேட்டுட்டு வருஷக்கணக்கா அதையே நெனச்சிட்டிருப்பாங்க. தொண்டைல சேர்ற எச்சிலத் துப்பவும் முழுங்கவும் முடியாததால வர்ற சத்தம் அது. அந்த நேரத்துல அவங்களுக்குப் பெரும்பாலும் நெனவே இருக்காது, மூச்சு முட்டுறது இல்ல அது. பக்கத்துல நேர்ல இருந்திருந்தா நாங்க கையப் புடிச்சு இதச் சொல்லியிருப்போம். போன்ல சொல்ல நேரமில்ல, சில சமயம் நாங்களே அழுதுட்டிருப்போம்.

அந்தக் கொரோனா பாதுகாப்பு டிரஸ்ஸப் போட்டுக்கிட்டா எங்க மொகம் நோயாளிக்குத் தெரியாது. நெஞ்சுல மார்க்கரால பேர எழுதிக்கிட்டு உள்ள போவோம். ஒரு அம்மா, மக சவூதில. மக போன்ல கேட்டா, "எம்பேரச் சொல்லிப் பால் ஊத்துங்க சிஸ்டர்"னு. ஊத்துனா நெஞ்சுக்குப் போயிரும், அதனால பஞ்ச பால்ல முக்கி உதட்டுல வச்சேன், ஃபோன அவங்க காதுகிட்ட புடிச்சுக்கிட்டு, பேரச் சொல்லிச் சொல்லி. நான் கிறிஸ்தவச்சி, எங்க வீட்ல அந்தப் பழக்கம் இல்ல. ஆனா செஞ்சேன். என்னய மாதிரி எத்தனையோ பேரு செஞ்சிருப்பாங்க, அது அந்தக் குடும்பங்களுக்குப் போய்ச் சேரவே இல்ல.

உலக சுகாதார நிறுவனம் பாலியேட்டிவ் கேர்னா என்னன்னு சொல்லுற விளக்கத்துல, குடும்பத்த நோய்க் காலத்துலயும் சாவுக்கு அப்புறமும் தாங்குறதும் சேத்திதான். சாவுக்கு அப்புறம் வீட்டுக்கு போன் பண்ணி விசாரிக்கிறது எங்க வேலைதான். ரெண்டாவது அலைல அது நின்னு போச்சு, பாதி ஸ்டாஃப் படுத்துட்டாங்க, மீதி பாதி இருக்கிற பெட்டப் பாக்கவே சரியா இருந்துச்சு. அதுக்கப்புறம் பழைய லிஸ்ட்ட எடுத்து யாரும் கூப்பிடல.

பாளை ஜெபா:

சிஸ்டர், நீங்க எழுதுன அந்த மூச்சு சத்தம்... நானும் தங்கச்சியும் இது வரைக்கும் அதப் பத்தி ஒருத்தர்ட்ட ஒருத்தர் பேசுனதில்ல. இப்பதான் இத அவளுக்கு ஃபார்வேர்ட் பண்ணேன். நன்றி.

தென்காசி கணேசு:

இதுல பணம் புகுந்த வீடுகளப் பத்தி யாரும் பேசலையே. 2021 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் ஓகே சொல்லி கொரோனா சாவுக்கு 50,000 ரூபாய்னு வந்துச்சு. டெஸ்ட்ல பாசிட்டிவ் வந்து 30 நாளுக்குள்ள இறந்தா கொரோனா சாவுன்னு கணக்கு. எங்க அத்தை ஈரல்ல கேன்சர், கடைசி நேரத்துல டெஸ்ட் எடுத்தப்ப பாசிட்டிவ், ஆனா சர்டிபிகேட்ல கேன்சர்னு மட்டும் இருக்கு. பெரிய அத்தான் கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்து மாத்தலாம்னான், சின்ன அத்தான் எங்க அம்மா கொரோனால செத்தான்னு எழுத விடமாட்டேன்னு நின்னான், அவனுக்கு அது ஏதோ அசிங்கம் மாதிரி. இன்னைக்கு வரைக்கும் ரெண்டு பேரும் பேச்சு வார்த்தை கெடையாது, திவசம் ஆளுக்கொரு வீட்ல. 50,000த்துக்கு இல்ல சண்ட, எனக்கு நல்லாத் தெரியும். ரெண்டு பேருமே கடைசில உள்ள போகல. யாரு மேலயாவது கோவப்பட்டாகணும், வேற யாரு கெடைப்பா.

வீரவநல்லூர் அண்ணாச்சி:

கணேசு சொல்லுறது நெசம். சாவுல ஆரம்பிச்ச சண்டை வரப்பு வரைக்கும் போறத நான் பாத்திருக்கேன். ஆனா சிஸ்டரு சொன்னதெல்லாம் சரின்னாலும், ஆடி அமாவாசைக்கு ஊரக் கூட்டுறது தேவையான்னுதான் எனக்கு இன்னும் கேள்வி.

கவுன்சிலர் பொண்ணு:

வணக்கம், சமூகப்பணி படிச்சிட்டு கவுன்சிலிங் வேலைல இருக்கேன். ஒண்ணு மட்டும் சேத்துக்கிடுதேன். துக்கம் ரொம்ப நாள் நீண்டு, அன்றாட வேலையே ஓடாத அளவுக்குப் போனா அத இப்ப ஒரு நோயாவே எடுத்துக்கிடுதாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட பட்டியல்ல ஆறு மாசம், அமெரிக்கக்காரங்க பட்டியல்ல பெரியவங்களுக்கு ஒரு வருஷம், ரெண்டும் 2022ல நடப்புக்கு வந்தது. முக்கூடல் அண்ணன் அம்மாவ ஒரு தடவ காமிக்கிறது நல்லது. அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, காசு கெடையாது, தமிழ்லயே பேசுவாங்க.

செங்கோட்டை மைனி:

ஏ பிள்ள, நீ நல்லதுக்குத்தான் சொல்லுத. ஆனா அந்தம்மா பீடி சுத்துதாவ, பொங்குதாவ, திவசம் குடுக்காவ. ராத்திரி ஒரு கேள்வி கேக்காவ. அதுக்குப் போயி நோயின்னா எப்பிடி?

கவுன்சிலர் பொண்ணு:

நோயின்னு நான் சொல்லல மைனி, காமிக்கச் சொன்னேன். அந்தப் பட்டியல்லயே அவங்கவங்க சமூகத்துல, மதத்துல வழக்கமா இருக்கிற துக்கத்துக்கு மிஞ்சிப் போனாத்தான்னு போட்டிருக்கு. இதுல எனக்கு வேற ஒண்ணும் தோணும், நம்ம வழக்கமான துக்கத்தையே அந்த வருஷம் யாரும் துக்கப்பட விடல, அப்ப எத வச்சு மிஞ்சிச்சா இல்லையான்னு அளக்குறது? ஆனா தூக்கம் கெடுது, சாப்பாடு எறங்கல, நானும் போயிரணும்னு பேச்சு வருதுன்னா அப்ப தள்ளிப் போடாதீங்க. அம்மா அப்படி ஏதாவது சொல்லுதாங்களா அண்ணா?

ஷார்ஜா முக்கூடலான்:

இல்லம்மா, அப்படிப் பேச்சு இல்ல. நல்லாத்தான் சாப்பிடுதா, சீரியல் பாக்கா, மருமக கூட சண்டையும் போடுதா, அதெல்லாம் ஜோராத்தான். நம்பர எழுதி வச்சுக்கிட்டேன்.

சிஸ்டர், நீங்க சொன்னத நேத்து அம்மாட்ட போன்ல வாசிச்சேன், டியூப், பஞ்சு, எல்லாம். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, நான் லைன் கட்டாயிட்டோன்னு நெனச்சேன். அப்புறம் கேட்டா, "அந்தப் பிள்ள அப்பாவப் பாத்திச்சா?" இல்லம்மா அது வேற ஆஸ்பத்திரின்னேன். "அப்ப அவளுக்கு எப்பிடித் தெரியும்"னுட்டு வச்சிட்டா.

சிஸ்டர் உங்க மேல வருத்தப்படாதீங்க, அம்மா சுபாவம் அது.

வார்டு சிஸ்டர்:

வருத்தமே இல்ல, அம்மா கேட்டது சரியான கேள்வி. பொதுவா சொல்லுறது டாக்டருக்குப் போதும், பொண்டாட்டிக்குப் போதாது.

அப்ப ஒரு வேலை செய்யுங்க. அப்பா இருந்த வார்டுல அன்னைக்கு டூட்டில இருந்தது யாருன்னு கேளுங்க. கேஸ் ஷீட்ட மூணு வருஷம் வச்சிருக்கணும்னுதான் விதி, அதுக்கு மேல ஆயிட்டு, ஆனா நெறைய எடத்துல ரூம்ல கட்டிப் போட்டு வச்சிருப்பாங்க. எத்தன மணிக்கு வாய் தொடைச்சது, எத்தன மணிக்கு திரும்பிப் படுக்க வச்சது, யாரு பக்கத்துல இருந்தா எல்லாம் நர்சிங் நோட்ஸ்ல இருக்கும். அது கெடைக்கலன்னாலும் ஆளக் கண்டுபிடிங்க. பாலியேட்டிவ்ல வேலை பாக்குறவங்க எண்ணிக்கை கம்மி, ஒருத்தருக்கொருத்தர் தெரியும், ஆயாம்மா உள்பட. சண்டைக்கு வரல, அம்மாவுக்குக் கடைசி நேரத்தப் பத்திக் கேக்கணும் அவ்ளோதான்னு முதல் வரிலயே சொல்லிருங்க, இல்லன்னா கேஸ் போட வந்திருக்கீங்கன்னு பயந்து வாயத் தொறக்க மாட்டாங்க.

எனக்குத் தனிமடல்ல வார்டு பேர அனுப்புங்க, நானும் விசாரிக்கேன்.

மேலப்பாளையம் காதர்:

மாஷா அல்லாஹ், இதுதான் சரியான வழி. சிஸ்டர் சொன்னாங்களேன்னு இன்னொண்ணும் சொல்லணும். அந்த நேரத்துல எங்க ஊரு பையன்க டிரஸ்ஸ மாட்டிக்கிட்டு எல்லா மதத்து மையித்தையும் அடக்கம் பண்ணாங்க, சுட்டாங்க. அதுல என் மச்சினனும் உண்டு. அவன்ட்ட இன்னைக்கு வரைக்கும் சில குடும்பத்துல இருந்து போன் வரும், "எங்க அப்பா மொகம் எப்படி இருந்துச்சு தம்பி"ன்னு கேப்பாங்க. இவன் ஞாபகம் இருந்தா சொல்லுவான், இல்லன்னா இல்லன்னு சொல்லிருவான், இட்டுக்கட்டி சொல்ல மாட்டான். அதுக்கே அந்தப் பக்கம் அவ்வளவு துவா செய்வாங்களாம்.

தென்காசி கணேசு:

சாம்பல் விஷயமும் கேக்கணும்னு இருந்தேன். முக்கூடல் தம்பி, சாம்பல் வாங்குனீங்களா? எங்க அத்தைக்கு வாங்கவே இல்ல, அதுல கிருமி இருக்கும்னு எவனோ சொல்லிட்டான். அப்புறம் பாத்தா 2020 மார்ச் 15 மத்திய அரசு வழிகாட்டுதல்லயே சாம்பல்னால ஆபத்து இல்ல, எடுத்துக்கிடலாம்னு இருந்திருக்கு. பைய ஜிப்ப எறக்கி மொகத்தக் காட்டலாம், தொடாம மந்திரம் வாசிக்கலாம், தீர்த்தம் தெளிக்கலாம்னு எல்லாம் இருந்திருக்கு. கொரோனா சாவுக்கே இவ்வளவு இருந்திருக்கு, நம்ம ஊர்ல அது இல்லாத சாவுக்கும் ஒண்ணும் விடல. எழுதுனது ஒண்ணு, நடந்தது ஒண்ணு.

ஷார்ஜா முக்கூடலான்:

வாங்குனோம். தம்பி வாங்கி குறுக்குத்துறைல கரைச்சிட்டான், முருகன் கோயிலுக்குப் பக்கத்துல, போலீசு தொரத்துச்சாம். அந்த வருஷம் ஆடி அமாவாசைக்கும் ஆத்துல எறங்க விடலல்லா. அதனாலதான் சித்தப்பாவுக்கு இந்த ஆடி அமாவாசை மேல ஒரு இது.

கணேசண்ணே இன்னொண்ணு, மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்ட் 5 ஆரம்பிச்சாங்கல்லா, வீட்டுக்கே வந்து பாலியேட்டிவ் பாக்குறதும் அதுல உண்டு. எங்கப்பா போனது மே. அம்மா அந்த வேன் தெருவுல வந்தா கதவச் சாத்திருவா. எதுக்குன்னு முன்னாடி எங்களுக்குப் புரியல.

ஷார்ஜா முக்கூடலான்:

கொஞ்ச நாளா எழுதல, சிஸ்டர் சொல்லித்தான் எழுதுதேன்.

ஆள் கெடைச்சிட்டு. நோட்ஸ் கெடைக்கல, எலி கடிச்சிட்டு இல்லன்னா பழைய பேப்பருக்குப் போட்டுட்டாங்க. ஆனா அன்னைக்கு ராத்திரி டூட்டில இருந்த அட்டெண்டர் அக்கா, நாங்குநேரிப் பக்கம், இப்ப வேலைல இல்ல. சிஸ்டரோட சிநேகிதி மூலமா நம்பர் வந்து தம்பி பேசுனான். அவங்களுக்கு அப்பாவ நல்லா ஞாபகம் இருக்கு, எப்படின்னா அப்பா சிலேட்டுல எழுதிக் காமிப்பாவ, பேச முடியாதுல்லா. "எம்பொண்டாட்டிக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு, கேட்டுச் சொல்லு"ன்னு அந்த அக்காட்ட எழுதிக் காமிச்சிக்கிட்டே இருந்தாவளாம், அவங்க விசாரிச்சு வந்து கொறைஞ்சிட்டுன்னு சொன்னப்புறம் சிலேட்ட வச்சிட்டாவளாம்.

தம்பி அத ரெக்கார்டு பண்ணி அம்மாவுக்குப் போட்டுக் காமிச்சிருக்கான். அதக் கேட்டுட்டு, "கூறுகெட்ட மனுசன், எனக்கென்ன கேடு"ன்னு அப்பாவ வஞ்சிட்டு அடுக்களைக்குள்ள போனவ, உள்ள இருந்து சத்தமா அழுதிருக்கா. பக்கத்து வீட்டு ஆச்சி என்னமோ ஏதோன்னு ஓடி வந்திருக்காவ. வந்தவட்ட அம்மா முதல்ல இருந்து சொல்லியிருக்கா, ஆச்சி போனப்புறம் எதிர்த்த வீட்டுக்காரி வர, திரும்பவும் முதல்ல இருந்து.

இப்ப அம்மாவே சொல்லிட்டா, ஆடி அமாவாசைக்கு எல்லாரும் வரட்டும், நாங்குநேரிக்காரிக்கும் சேலை எடுத்து வச்சுக் கூப்பிடணும்னு. தம்பி கம்முன்னு இருக்கான். நான் லீவு போட்டிருக்கேன்.

செங்கோட்டை மைனி:

போதும்யா. பாபநாசத்துக்குக் கூட்டிட்டுப் போயிராதீங்க, அன்னைக்கு அங்க நிக்கக் கூட எடம் இருக்காது, வயசான பொம்பள தள்ளுமுள்ளுல சிக்கிருவா. ஒங்க ஊரு படித்துறையே போதும், அதுவும் தாமிரபரணிதான. ஒங்க மாமாவக் கோடிச் சேலை கொண்டாரச் சொல்லுங்க. ஒங்கம்மா கட்டுதாவளோ இல்லையோ, பொறந்த வீட்ல இருந்து வரட்டும்.

வீரவநல்லூர் அண்ணாச்சி:

நான் இப்பவும் சொல்லுதேன் தம்பி, பந்தி கிந்தின்னு கடன வாங்கிராதீரும், இட்லி சாம்பாரோட நிறுத்தும், தண்ணிக்கு பாட்டில் வேண்டாம் கேன் போதும். மைக்செட் கூடவே கூடாது. சேர் எத்தன வேணும்னு சொல்லும், எங்க மச்சான் இங்க பந்தல் கடை வச்சிருக்கான், முக்கூடலுக்கு வண்டி வாடகை மட்டும் குடுத்தாப் போதும், நான் பேசிக்கிடுதேன்.